மோட்டார் சைக்கிள் இழுவை குன்றுவது ஏன்?
கிளட்ச் நழுவலையும் எரிபொருட் கலவைக் கோளாற்றையும் பிரித்தறியும் முறை

பொழுது புலருமுன் தோட்டத்து மக்களைத் துயிலெழுப்பிய ஒலி முன்னாளில் தப்போசையாக இருந்தது. இந்நாளிலோ லயத்து வாசலில் உதைத்துக் கிளப்பப்படும் மோட்டார் சைக்கிளின் ஒலியே முதலில் கேட்கிறது. பிரட்டுக்குச் செல்லவும், வெட்டு மரம் இருக்கும் மேட்டுக்கு ஏறவும், பால் வாளிகளைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அதுவே துணை. 'கப்சாய்' என்று நாம் செல்லமாக அழைக்கும் இச்சிறு வண்டி, 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வழியில் வந்ததாகும். அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைத் தொட்டது. நம் நாட்டிலும் கெடா மாநிலத்துக் குரூணில் 1995-இல் மொடெனாஸ் நிறுவனம் தோன்றி, அதன் முதல் வண்டியான கிறிஸ் 1996-இல் வெளிவந்தது.

இத்துணைப் பயனுள்ள வண்டி இழுவை குன்றிப்போனால், அதன் காரணத்தை அறிவது எங்ஙனம்? காரணம் அறியாமல் செய்யும் செலவு, கிழிந்த வாளியில் ஊற்றிய பாலுக்கு நிகராகும். ஆகவே இம்மாதப் பாடத்தில், பலரும் ஒன்றோடொன்று மயங்கும் இரு கோளாறுகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று கிளட்ச் நழுவல். மற்றொன்று எரிபொருட் கலவைக் கோளாறு.

ஓர் எடுத்துக்காட்டு

லூமுட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். சமதரையில் அவர் வண்டி ஒழுங்காகவே ஓடுகிறது. வாளியோடு மேட்டில் ஏறும்போது எந்திரம் அலறுகிறது. வண்டியோ முன்னேற மறுக்கிறது. ஒரு நாள் சித்தியவான் சாலையில், முன்னே சென்ற செம்பனை லாரியைக் கடக்க முற்படுகிறார். பாதி வழியில் வேகம் ஏறாமல் நின்றுவிட, எதிரே கார் ஒன்று வருகிறது. நல்லவேளையாக அவர் பின்வாங்கித் தப்பினார்.

"அண்ணே, பெட்ரோல் சரியாகப் போகவில்லை, கார்புரேட்டரை மாற்றுங்கள்" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். மாற்றிப் பார்க்கிறார், பயனில்லை. "பிளக் போயிருக்கும்" என்கிறார் இன்னொருவர். அதையும் மாற்றுகிறார். ஒவ்வொரு யூகத்திற்கும் பணம் கரைகிறது. 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாதம் 26 நாள் வேலை எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட் ஆகிறது. தேவையற்ற ஓர் உதிரிப்பாகம் வாங்கினால் இரண்டு நாள் உழைப்பு வீணாகலாம். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். லாரியைக் கடக்கும் வேளையில் இழுவை போனால், அதனை ஈடுசெய்ய முடியாது. நம் நாட்டுச் சாலைகளில் மாண்டுபோவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறத்தலாகாது.

இரு பாகங்கள், இரு பணிகள்

எந்திரத்தில் பிறக்கும் ஆற்றல் பின்சக்கரத்தைச் சேர இடையே ஒரு பிடிப்பு வேண்டும். அதனைத் தருவது கிளட்ச். எண்ணெயில் நனைந்த தட்டுகள் சுருள்வில்லின் அழுத்தத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சேர்ந்து சுழல்கின்றன. கப்சாய் வண்டிகளில் கைப்பிடிக் கிளட்ச் இல்லை. எந்திரத்தின் வேகம் கூடும்போது தானே பற்றிக்கொள்ளும் அமைப்பும், கியர் மிதியை அழுத்தும்போது விடுபடும் அமைப்பும் அவற்றில் உண்டு. தட்டுகள் தேய்ந்தோ வில் தளர்ந்தோ பிடிப்புக் குறைந்தால், எந்திரம் ஒரு வேகத்திலும் சக்கரம் வேறு வேகத்திலும் சுழலும். இதுவே நழுவல்.

எரிபொருட் கலவை என்பது ஆற்றல் பிறக்கும் இடத்தைச் சார்ந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இதனை வேறு வகையாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! இந்த விகிதத்தில் காற்றுக் குறைந்தால் பெட்ரோல் மிகுந்த கலவை. காற்றுக் கூடினால் பெட்ரோல் குறைந்த கலவை. அளவு மீறிய இரண்டுமே இழுவையைக் குறைக்கும்.

ஆகவே, கலவைக் கோளாற்றில் ஆற்றல் *பிறப்பதே* குறைகிறது. கிளட்ச் நழுவலில் பிறந்த ஆற்றல் *வழியிலேயே தொலைகிறது*. இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

திறன்மானி என்பது யாது?

ஆற்றலை அளக்கும் கருவியே திறன்மானி. பட்டறையினர் இதனை 'டைனோ' என்பர். 1821-இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் புரோனி, சுழலும் தண்டினை மரக்கட்டைகளால் இறுக்கி அதன் முறுக்கு விசையை அளக்கும் முறையை வகுத்தார். 1877-இல் இங்கிலாந்து நாட்டு வில்லியம் புரூட், பெருங்கப்பல்களின் எந்திரங்களை அளக்க நீரைத் தடையாகக் கொண்ட கருவியை அந்நாட்டுக் கடற்படைக்காக அமைத்தார். கடற்படைத் தளமாக விளங்கும் லூமுட்டில் வாழும் நமக்கு இச்செய்தி சுவை தருவதன்றோ!

இன்று மோட்டார் சைக்கிள்களுக்கெனப் பயன்படுவது பெரும்பாலும் கனத்த உருளை கொண்ட மேடையாகும். வண்டியை மேடையில் வார்களால் கட்டி, பின்சக்கரத்தை உருளைமீது நிறுத்துவர். பிறகு ஒரே கியரில் விசையை முழுதும் திறந்து ஓட்டுவர். உருளையின் கனம் முன்னரே தெரியும். அது எத்துணை விரைவாக வேகமெடுக்கிறதோ, அதனைக் கொண்டு கணிப்பொறி ஆற்றலைக் கணக்கிட்டுக் கோடாக வரைந்து தரும்.

கணக்கு எளிதே. முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரிலும், வேகத்தை நிமிடச் சுழற்சியிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் ஆற்றல் கிலோவாட்டில் வரும். 6 நியூட்டன் மீட்டர், 6,000 சுழற்சி எனில் ஏறத்தாழ 3.77 கிலோவாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட் ஆதலால், இது சுமார் 5 குதிரைத் திறனாகும்.

முடிவுத் தாளில் பலரும் பார்ப்பது இந்தக் குதிரைத் திறன் எண்ணை மட்டுமே. அது போதாது. காய்ச்சல் எத்துணைப் பாகை என்று மட்டும் கேட்டு, எந்தக் காய்ச்சல் என்று கேளாதிருப்பது போன்றதாகும் அது. நோயறிய இரு கோடுகளை நோக்க வேண்டும். ஒன்று, எந்திரச் சுழற்சிக்கும் சக்கர வேகத்திற்கும் உள்ள உறவு. மற்றொன்று, காற்று-எரிபொருள் விகிதம்.

முதற் சோதனை: சுழற்சியும் வேகமும்

கிளட்ச் நன்கு பற்றியிருக்கும்போது, ஒரு கியரில் எந்திரமும் சக்கரமும் கைகோத்த இருவர் போன்றவை. ஒருவர் நடை கூடினால் மற்றவர் நடையும் அதே அளவில் கூடியாக வேண்டும். விளக்கத்திற்காக, மூன்றாம் கியரில் 1,000 சுழற்சிக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் செல்லும் வண்டி ஒன்றைக் கொள்வோம்.

நலமான வண்டி:
4,000 சுழற்சி – 32 கி.மீ.
5,000 சுழற்சி – 40 கி.மீ.
6,000 சுழற்சி – 48 கி.மீ.
7,000 சுழற்சி – 56 கி.மீ.

கிளட்ச் நழுவும் வண்டி:
4,000 சுழற்சி – 32 கி.மீ.
5,000 சுழற்சி – 37 கி.மீ.
6,000 சுழற்சி – 41 கி.மீ.
7,000 சுழற்சி – 50 கி.மீ.

இரண்டாம் வண்டி 4,000 வரை ஒழுங்காகவே சென்றது. முறுக்கு விசை உச்சத்தை நெருங்கும் இடத்தில்தான் பிடிப்பு விட்டது. 6,000 சுழற்சியில் 48 கி.மீ. செல்லவேண்டிய வண்டி 41 கி.மீ. மட்டுமே செல்கிறது. அதாவது 100 சுழற்சியில் ஏறத்தாழ 15 சுழற்சி வீணாகிறது. முன்னர்க் கண்ட 3.77 கிலோவாட் கணக்கில், ஏறத்தாழ 550 வாட் கிளட்சுக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது. துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றை எண்ணெய்க்குள் போட்டு வைத்ததற்கு இது நிகர். தட்டுகள் கருகுவதில் வியப்பில்லை. நழுவல் நழுவலை வளர்க்கும் என்பதற்கும் காரணம் இதுவே.

ஆற்றல் கோட்டிலும் இதன் அடையாளம் தெரியும். கிளட்ச் தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கு விசை சக்கரத்தைச் சேராது. ஆகவே கோட்டின் தலை வெட்டப்பட்டது போல் தாழ்ந்திருக்கும். சுழற்சியோ திடீரெனத் தாவி ஏறியிருக்கும். அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினால், சூடேறச் சூடேற நழுவல் மிகும்.

ஓர் எச்சரிக்கை. எந்திரச் சுழற்சியை அளக்கும் கம்பியை இணைக்காமல் உருளையின் வேகத்தை மட்டும் பதிவு செய்தால், இவ்வுறவைக் காண இயலாது. "சுழற்சியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

நழுவல் போல் தோன்றும் மூன்று

முதலாவது, டயர் வழுக்கல். உருளைமீது டயர் வழுக்கினாலும் சுழற்சி ஏறும், உருளை வேகம் ஏறாது. இதனைப் பிரித்தறிய, மேல் கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேல் கியரில் டயரின் தள்ளுவிசை குறைவதால் டயர் வழுக்கல் தணியும். கிளட்ச் தாங்கவேண்டிய விசையோ குறைவதில்லை. ஆகவே கிளட்ச் நழுவல் நீடிக்கும்.

இரண்டாவது, தொடக்க நழுவல். கப்சாயின் தானியங்கிக் கிளட்ச் குறைந்த வேகத்தில் சற்று நழுவியே பற்றும். வண்டி நகரத் தொடங்கும்போது காணும் வேறுபாடு நோயன்று, இயல்பு.

மூன்றாவது, வார்ப்பட்டை கொண்ட ஸ்கூட்டர். அவ்வகை வண்டிகளில் கியர் விகிதம் ஓட்டத்திலேயே மாறிக்கொண்டிருக்கும். ஆகவே மேற்கண்ட சோதனை அவற்றிற்குப் பொருந்தாது.

இரண்டாம் சோதனை: கலவைக் கோடு

புகைக்குழாயில் பொருத்தப்படும் உணர்கருவி, எரிந்த வாயுவில் எஞ்சிய உயிர்வாயுவைக் கொண்டு கலவை விகிதத்தைத் தெரிவிக்கிறது. விசையை முழுதும் திறந்து ஓட்டும்போது, பெரும்பாலான பெட்ரோல் எந்திரங்கள் 12.5 முதல் 13.2 வரையிலான விகிதத்தில் சிறந்த ஆற்றலைத் தருகின்றன. சிறிதளவு மிகையான பெட்ரோல் எந்திரத்தின் சூட்டையும் தணிக்கும்.

விகிதம் 11-க்கும் கீழே இறங்கினால் பெட்ரோல் மிகுதி. ஆற்றல் கோடு அலை அலையாக நடுங்கி, உயர்ந்த சுழற்சியில் முன்கூட்டியே சரியும். கரும்புகையும் பெட்ரோல் நெடியும் இருக்கும். பிளக்கில் கரி படியும்.

முழு விசையில் விகிதம் 14-ஐத் தாண்டினால் பெட்ரோல் குறைவு. எந்திரம் மிகுதியாகச் சூடேறும். 'டிக் டிக்' எனத் தட்டும் ஒலி எழலாம். பிளக் வெளுத்துக் காணும். இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனே உருகிச் சேதமாகக்கூடும். தொடக்கத்தில் 13 என நின்ற விகிதம், சுழற்சி ஏற ஏற 14, 15 என உயர்ந்தால், எந்திரம் கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது பொருள். பெட்ரோல் குழாய், வடிகட்டி, மிதவைக் கிண்ணம், பெரிய ஜெட் ஆகியவற்றில் அடைப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

இங்கும் ஏமாற்றும் அடையாளங்கள் உள்ளன. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து, கலவை நலமாக இருக்கும்போதே பெட்ரோல் குறைவு எனக் காட்டும். பிளக் சரிவரப் பற்றாமல் விட்டாலும் எரியாத காற்று வெளியேறி அவ்வாறே காட்டும். ஆகவே ஜெட்டை மாற்றுமுன், குழாயின் இணைப்பையும் பிளக்கையும் சோதிப்பது முறை.

இரு கோடுகளையும் ஒருசேர நோக்குதல்

இனி முடிவு காண்பது எளிது.

1. சுழற்சி-வேக உறவு மாறவில்லை. கலவை 13-ஐ ஒட்டி நிற்கிறது: கிளட்சும் கலவையும் நலம். இழுவைக் குறைவுக்கு அடைப்பான், வால்வு, புகைக்குழாய் அடைப்பு, பிரேக் உரசல் போன்ற வேறு காரணத்தைத் தேடுக.
2. உறவு குலைகிறது, கலவை நலம்: கிளட்ச் நழுவல்.
3. உறவு மாறவில்லை, கலவை கெட்டிருக்கிறது: கார்புரேட்டரையோ எரிபொருள் வழியையோ நோக்குக.
4. இரண்டும் கெட்டிருக்கின்றன: முதலில் கிளட்சைச் செப்பனிட்டு, மறுமுறை அளந்த பின்னரே கலவையைத் தொடுக. எந்திரம் முழுச் சுமையைத் தாங்கி ஓடினால்தான் கலவையின் உண்மை நிலை வெளிப்படும்.

நம் எடுத்துக்காட்டில் வந்த தொழிலாளரின் நோய் இரண்டாவது வகை என்பது இப்போது தெளிவாகும். எந்திரம் *அலறியது*, வண்டி ஏறவில்லை. பெட்ரோல் குறைந்த எந்திரம் மேட்டில் அலறாது. திணறி, ஒலி தாழ்ந்து, நின்றுபோக முற்படும். அவர் மாற்றிய கார்புரேட்டரில் குற்றமே இருந்ததில்லை.

நோய்க்கேற்ற மருந்து

செலவு குறைந்த மருந்திலிருந்து தொடங்குவோம்.

*கிளட்ச் நழுவினால்:* முதலில் சரிசெய்யும் திருகைப் பாருங்கள். கப் வகை வண்டிகளில் எந்திரத்தின் வலப்பக்க மூடியில் இது உள்ளது. பொதுவான முறை இது: பூட்டு மறையைத் தளர்த்தி, திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்பி, பின்பு மெல்ல இடஞ்சுழியாகத் தடை தட்டுப்படும் வரை கொணர்ந்து, அங்கிருந்து வலஞ்சுழியாக 1/8 சுற்றுத் திருப்பி மறையை இறுக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு முறை இருப்பின் அதனையே பின்பற்றுக.

அடுத்து எண்ணெய். கார்களுக்கென உராய்வைக் குறைக்கும் சேர்க்கை கலந்து விற்கப்படும் எண்ணெய், நனைந்த கிளட்சுக்குப் பகையாகலாம். இதன்பொருட்டே ஜப்பானியர் 1998-இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கெனத் தனித்தரம் வகுத்தனர். புட்டியின்மீது 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறியிருந்தால் அது நனைந்த கிளட்சுக்கு உரியது. 'எம்.பி.' என்பது உராய்வு குறைந்தது. கப்சாய்க்கு அதனைத் தவிர்ப்பது நன்று. திருகையும் எண்ணெயையும் சரிசெய்த பின்னும் நழுவினால் மட்டுமே தட்டுகளையும் வில்களையும் மாற்ற முற்படுக.

*கலவை கெட்டால்:* முதலில் காற்று வடிகட்டியைத் தூய்மை செய்க. மண்சாலைப் புழுதி அதனை அடைத்தால் கலவை பெட்ரோல் மிகுதியை நோக்கிச் சாயும். சோக் முழுதும் விடுபட்டிருக்கிறதா எனவும் பார்க்க. பிறகு, எந்த நிலையில் கோளாறு தோன்றுகிறது என்பதை நினைவில் கொண்டு கார்புரேட்டரை அணுகுக. விசை சிறிதளவே திறந்திருக்கும்போது சிறிய ஜெட்டும் காற்றுத் திருகும், நடுநிலையில் ஊசியும், முழுத் திறப்பில் பெரிய ஜெட்டும் கலவையை ஆள்கின்றன. மேட்டில் முழு விசையில் திணறும் வண்டிக்குக் காற்றுத் திருகைத் திருகிப் பயனில்லை. எரிபொருளைப் பீய்ச்சித் தரும் புதுவகை வண்டிகளில் இவை இரா. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதற்குரிய கருவியுள்ள பட்டறையை நாடுக.

டைனோ இல்லாத இடத்தில்

திறன்மானி எல்லாப் பட்டறைகளிலும் இராது. ஆயினும் அதன் சிந்தனை முறையை நாம் இரவல் பெறலாம். கப்சாயில் சுழற்சிமானி இல்லையாயினும் நமக்குக் காது உண்டு. முன்சக்கரத்தால் இயங்கும் வேகமானியும் உண்டு. வாகன நடமாட்டம் இல்லாத தோட்டத்துச் சாலையில், தலைக்கவசம் அணிந்து, மூன்றாம் கியரில் மெல்லிய மேட்டில் விசையைக் கூட்டிப் பாருங்கள். ஒலி ஏறி, வேகமானி முள் ஏறாது நின்றால் கிளட்ச். ஒலியும் முள்ளும் சேர்ந்தே திணறினால் எந்திரத்தின் பக்கம் கோளாறு. அங்கேயே எந்திரத்தை நிறுத்தி, ஆறிய பின் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம்பழுப்பு நலம், கரி படிந்தது பெட்ரோல் மிகுதி, வெளுத்தது பெட்ரோல் குறைவு.

இச்சோதனையைப் பொதுச்சாலையில் செய்தல் கூடாது. எந்திரத்தை மிகைப்படுத்தி மாற்றியமைக்கவோ பந்தயம் ஓட்டவோ இப்பாடம் கூறப்படவில்லை என்பதை இளைஞர்கள் உணர வேண்டும். வண்டியை அதன் இயல்பான நிலையில் வைத்திருப்பதே நம் நோக்கம்.

நினைவில் நிறுத்துக

அ. எந்திரம் அலற, வண்டி ஏறாவிடில் கிளட்ச். எந்திரமே திணறினால் கலவையை முதலில் ஐயுறுக.
ஆ. ஒரே கியரில் சுழற்சிக்கும் வேகத்திற்கும் உள்ள உறவு மாறலாகாது.
இ. திருகு, எண்ணெய், வடிகட்டி, பிளக் – இந்நான்கையும் பார்த்த பின்னரே உதிரிப்பாகம் வாங்குக.
ஈ. நழுவும் கிளட்சோடு எந்த வாகனத்தையும் முந்த முயலாதீர்.

மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்து எத்துணை ஆழம் வெட்டலாம் என அறியும் கைகள் நம்முடையவை. ஆழ வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் வாராது என்பதை அனுபவத்தால் கற்றவர்கள் நாம். அதே நுண்ணறிவை வண்டியின்மீதும் செலுத்துவோம். பட்டறைக்குச் செல்லும்போது "இழுக்கவில்லை" என்று மட்டும் கூறாமல், எந்த மேட்டில், எந்தக் கியரில், என்ன ஒலியோடு இழுக்கவில்லை என்று எடுத்துரைப்போம். அவ்வாறு உரைப்பவரிடம் தேவையற்ற பாகத்தை எவரும் எளிதில் விற்க இயலாது. மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் புத்தகத்திற்கு ஆகும். நலமான வண்டி, பால் நிறுத்த பின் நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.